ஆயர் இல்லத்துக் கடிதம் வரும் வரை

மே 4
திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாத அவனைக் கத்தோலிக்கரான நான் கோவிலில் மணக்கத் திருச்சபையின் விதிவிலக்கு, அதாவது சிறப்பு அனுமதி, கேட்டு ஆயர் இல்லத்துக்கு விண்ணப்பம் போய்விட்டது. இனி காத்திருக்க வேண்டியதுதான்.

மே 6
உறுதிமொழித் தாளில் ஒரே ஒரு வரி மனசை அரிக்கிறது. பிறக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க "என்னால் இயன்றதை எல்லாம்" செய்வேன் என்று நான் வாக்குக் கொடுக்க வேண்டும். அவன் எந்த வாக்கும் தர வேண்டாம், நான் கொடுத்தது அவனுக்குத் தெரிந்திருந்தால் போதும் என்றார் பங்குத்தந்தை. 1917 திருச்சபைச் சட்டப்படி அவனும் வாக்குக் கொடுத்தாக வேண்டுமாம், 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல்தான் அதை மாற்றினாராம். கேட்டபோது நிம்மதியாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, இப்போது பாரம் முழுக்க என் தலையில். இயன்றது என்றால் எதுவரை? அவன் வேண்டாம் என்றால் சண்டை போடுவதும் என்னால் இயன்றதுதானே?

மே 7
தூக்கமில்லை.

மே 11
"அவனையும் திருமுழுக்கு வாங்கச் சொல்லேன், எல்லாம் சுலபமாகிடுமே" என்றாள் அம்மா. விசுவாசம் இல்லாமல், எனக்காக மட்டும் ஒருவன் தலையைக் குனிந்து தண்ணீர் வாங்கிக்கொள்வதா? அதைக் கேட்க எனக்கு வாய் வராது. விதிவிலக்கு கிடைத்தால் திருமணம் முழுமையாகச் செல்லும், ஆனால் அவன் திருமுழுக்குப் பெறாததால் அது திருவருட்சாதனம், அதாவது இறையருள் தரும் திருச்சடங்கு, ஆகாது என்று விளக்கினேன். சொல்லியிருக்கக் கூடாதோ. அம்மாவின் விரல் செபமாலையில் ஒரே மணியிலேயே வெகுநேரம் நின்றிருந்தது.

மே 12
அம்மா இன்று புனித மோனிக்காவைப் பேச்சில் கொண்டுவந்தாள். கணவர் பத்ரிசியு கடைசிக் காலத்தில் மனம் மாறினாரே என்கிறாள். எனக்கு மோனிக்காவின் மகன் புனித அகுஸ்தினார்தான் நினைவுக்கு வந்தார். 387-இல் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெறும்போது வயது 32. அத்தனை வருடமும் அந்தத் தாயால் இயன்றது கண்ணீரும் செபமும்தானா? அதுவும் கணக்கில் சேருமா?

மே 15
அவனிடம் தாளைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தான். அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இதில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டான். கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. அப்புறம், "என் அம்மா கும்பிடுவதைப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கலாம் இல்லையா?" என்றான். பார்க்கலாம் என்றேன். பார்த்துவிட்டு அதுவும் கைகூப்பினால்? அவன் அதைக் கேட்கவில்லை, நானும் பேச்சை எடுக்கவில்லை.

மே 16
திருமணச் சம்மதத்தைக் கோவிலில் ஒரு முறைதான் சொல்ல முடியும், முன்னாலோ பின்னாலோ வேறு மதச் சடங்கில் மறுபடி சொல்லக் கூடாது. அவன் அம்மாவிடம் இதை யார் சொல்வது?

மே 19
கடிதம் வரவில்லை.

மே 20
விவிலியத்தில் 1 கொரிந்தியர் 7. நம்பிக்கை கொள்ளாத கணவர் மனைவி வழியாகத் தூயவராகிறார் என்கிறார் திருத்தூதர் பவுல். பிள்ளைகளும் தூயோரே என்கிறார். பிள்ளைகளைப் பற்றிய அந்த இடத்தை மட்டும் ஏழெட்டு முறை படித்திருப்பேன், சரி, இன்று தூங்கலாம் போலிருக்கிறது.

மே 23
பங்குத்தந்தை இரண்டு தடவை அழைத்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை. கை நடுங்குகிறது. அவன் வந்துகொண்டிருக்கிறான், வரட்டும், சேர்ந்தே கூப்பிடுகிறோம்.