வாடகை வீட்டில் 71 கன மீட்டர் தண்ணீர் பில்: எங்களுக்கு நடந்தது

ஆகஸ்ட் மாத பில்லைத் திறந்து மொத்தத் தொகையைப் பார்த்ததும், ஏர்கான்தான் இழுத்துவிட்டது என்று நினைத்தேன். பையனுக்குக் காய்ச்சல் வந்த வாரம் அது ராத்திரி முழுக்க ஓடியது. ஆனால் மின்சாரம் வழக்கம்போலத்தான் இருந்தது. அதற்குக் கீழே தண்ணீருக்கான இடத்தில் 71 கன மீட்டர் என்று போட்டிருந்தது. தண்ணீருக்கு மட்டும் 250 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல்.

நாங்கள் மூன்று பேர். மாதத்துக்கு 13, 14 கன மீட்டரைத் தாண்டியதில்லை. 2025 ஏப்ரலில் தண்ணீர் விலை கன மீட்டருக்கு 3.24 வெள்ளியாக ஏறியது எல்லாருக்கும் தெரியும். 2024இல் 20 காசு, 2025இல் 30 காசு என இரண்டு தடவையாக ஏற்றினார்கள். "அந்த விலையேற்றமா இருக்குமோங்க?" என்று மனைவி கேட்டாள். விலை ஏறினால் வெள்ளிதான் கூடும், கன மீட்டர் எப்படிக் கூடும்? ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். 71,000 லிட்டரை நாங்கள் என்ன செய்திருக்க முடியும்?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் இந்த வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு மே மாதம்தான் குடிவந்தோம். ஒப்பந்தம், முன்பணம், முத்திரைத் தீர்வை எல்லாம் ஒழுங்காக முடிந்தன. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாளே அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, கட்டணம் வசூலிக்கும் நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குப் போனேன். முக்கால் மணி நேரம் காத்திருந்து முகப்புக்குப் போனால், கணக்கு என் பெயரில் இல்லை, மனைவி பெயரில் இருக்கிறது என்றார்கள். கணக்குக்காரர் நேரில் வர வேண்டும், இல்லையென்றால் அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். பில்லை கையில் வைத்திருக்கிறேன், அதே முகவரி என் அடையாள அட்டையிலும் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை. அரை நாள் போனதுதான் மிச்சம். நீங்கள் குடிபோகும்போது கணக்கை யார் பெயரில் திறக்கிறீர்கள் என்பதை யோசித்துத் திறங்கள். பகலில் போன் பேச நேரம் கிடைப்பவர் பெயரில் இருப்பது நல்லது.

மாலையில் மனைவியே போன் செய்தாள். எடுத்தவர் பொறுமையாகப் பேசினார். அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விஷயமே புரிந்தது. தண்ணீர் மீட்டரை அவர்கள் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம்தான் வந்து பார்க்கிறார்கள். நடுவில் வரும் மாதத்துக்கு, பழைய பயன்பாட்டை வைத்து ஒரு மதிப்பீடு போடுகிறார்கள். எங்கள் ஜூலை பில் 14 கன மீட்டர் என்று வந்தது வெறும் மதிப்பீடு. ஆகஸ்டில் உண்மையான எண்ணைப் பார்த்ததும் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து மிச்சத்தைப் போட்டுவிட்டார்கள். அதாவது இரண்டு மாதத்தில் ஓடியது 85 கன மீட்டர். ஜூலையிலேயே தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, பில் மட்டும் எங்களுக்குச் சொல்லவில்லை. பில்லில் அது மதிப்பீடு என்று சிறிய எழுத்தில் குறிப்பு இருக்கிறது. நான் ஒரு தடவைகூட அதைக் கவனித்ததில்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் எண்ணுக்குப் பக்கத்தில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு மாதமும் பாருங்கள்.

மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது, மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வந்த தண்ணீர் முழுவதும் கணக்குக்காரர் பொறுப்பு, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

எங்கள் மாடியில் தண்ணீர் மீட்டர்கள் தாழ்வாரத்தில் ஒரு கதவுக்குப் பின்னால் வரிசையாக இருக்கின்றன. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு மீட்டரைப் படம் எடுத்தேன். காலையில் எழுந்ததும் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்னால் போய் மறுபடி படம் எடுத்தேன். ஒரு லிட்டர்கூட ஏறவில்லை. அப்படியென்றால் கசிவே இல்லை, அவர்கள் கணக்குத்தான் தப்பு என்று முடிவு கட்டி, அன்றைக்கே காரசாரமாக ஒரு மின்னஞ்சலும் எழுதினேன். நல்லவேளை, அனுப்பவில்லை. நான் படம் எடுத்தது பக்கத்து வீட்டு மீட்டர். வீட்டு எண் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் இரண்டு மீட்டரில் உரிந்துபோய் இருந்தது. இப்படி இரண்டு நாள் வீணானது. அந்த இரண்டு நாளும் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

எது உங்கள் மீட்டர் என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். ஒருவர் வீட்டுக்குள் சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட வேண்டும், இன்னொருவர் வெளியே நின்று எந்த மீட்டரின் சக்கரம் சுற்றத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். குழாயை மூடியதும் அது நிற்க வேண்டும். எங்களுடையது நிற்கவில்லை. வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவே இல்லை.

அன்று ராத்திரி 11 மணிக்கு ஒரு படம், காலை 5 மணிக்கு ஒரு படம். 350 லிட்டர் வித்தியாசம்! மணிக்கு ஏறக்குறைய 60 லிட்டர், நிமிடத்துக்கு ஒரு லிட்டர். ஒரு நாளைக்கு 1,400 லிட்டருக்கு மேல். நாங்கள் மூன்று பேரும் குளித்து, துவைத்து, சமைத்துச் செலவழிப்பதைப்போல மூன்று மடங்கு.

எனக்குச் சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்னால் அம்மா விடியற்காலையில் எழுந்து குடத்தோடு வரிசையில் நிற்பார். ஒரு குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால், ஒரு நாளைக்குத் தொண்ணூறு குடத்துக்கு மேல் என் வீட்டிலிருந்து சும்மா ஓடியிருக்கிறது. சிங்கப்பூரும் தண்ணீரை மலேசியாவின் ஜொகூரிலிருந்து வாங்குகிற ஊர்தான். கடல் நீரைக் குடிநீராக்கி, கழிவு நீரைச் சுத்திகரித்து நியூவாட்டராக்கிச் சேமிக்கிற ஊர். பில் தொகையைவிட இதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

எங்கே ஓடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தரையில் ஈரம் இல்லை, கீழ்வீட்டுக் கூரையிலும் கறை இல்லை. குழாய்கள் ஒன்றுகூடச் சொட்டவில்லை. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுவோம், தாழ்வாரத்தில் நான் மீட்டரையே பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய், கேக்குக்கு ஊற்றும் பச்சை நிறப் பாண்டான் சாயக் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். கழிவறை ஃப்ளஷ் தொட்டியில் நாலு சொட்டு விடு, அரை மணி நேரம் யாரையும் ஃப்ளஷ் செய்யவிடாதே என்றார். பொதுக் கழிவறையில் ஒன்றும் தெரியவில்லை. படுக்கையறைக் கழிவறையில் பத்து நிமிடம் ஆகவில்லை, கோப்பைக்குள் பச்சை இறங்கிவிட்டது. தொட்டிக்குப் போகும் சின்ன வால்வை மூடிவிட்டு ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தேன். சக்கரம் நின்றிருந்தது.

இதில் நீங்கள் செய்ய வேண்டியது, சாயம் இறங்கியதையும் மீட்டர் நின்றதையும் வீடியோ எடுத்து வைப்பது. நாங்கள் எடுத்தோம். அது பின்னால் எவ்வளவு உதவியது என்று சொல்கிறேன்.

பிளம்பர் வந்து தொட்டிக்குள் இருந்த வால்வையும் ரப்பரையும் மாற்றினார். 80 வெள்ளி. ரப்பர் இற்றுப்போய் விரலில் கறுப்பாக ஒட்டியது. இது நாலைந்து வருஷப் பழசு, மூன்று மாதத்தில் இப்படி ஆகாது என்றார். அந்த ரப்பரை நான் தூக்கிப் போடவில்லை, பையில் போட்டு வைத்துக்கொண்டேன். ரசீதில் என்ன மாற்றினார், ஏன் மாற்றினார் என்று ஒரு வரி எழுதச் சொன்னேன்.

அப்புறம்தான் வீட்டுக்காரர் சார்பில் பேசும் ஏஜென்ட். எல்லா விவரத்தையும் வாட்ஸாப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள், ஒப்பந்தத்தின் சிறு பழுது விதியைப் படம் எடுத்து அனுப்பினார். பழுது ஒவ்வொன்றுக்கும் முதல் 200 வெள்ளி வரை குடியிருப்பவர் செலவு. இங்கே வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாருக்கும் இந்த விதி தெரியும். பழுது 80 வெள்ளிதானே, ஆகவே அது உங்கள் செலவு, தண்ணீர் பில்லும் உங்கள் பெயரில் இருக்கிறது, வீட்டுக்காரருக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று எழுதியிருந்தார்.

எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஏனென்றால் குடிவந்த பன்னிரண்டாம் நாளே இதே கழிவறையைப் பற்றி நாங்கள் அவரிடம் சொல்லியிருந்தோம். முதல் 30 நாளுக்குள் கண்டுபிடித்துச் சொல்லும் குறைகளை வீட்டுக்காரர்தான் சரிசெய்ய வேண்டும் என்று அதே ஒப்பந்தத்தில் இன்னொரு விதி இருக்கிறது. ஃப்ளஷ் செய்த பிறகும் தொட்டியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது என்று எழுதி அனுப்பியது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

ஆனால் என் போனில் அந்தச் செய்தி இல்லை. ஜூலையில் புது போன் மாற்றியபோது பழைய வாட்ஸாப் உரையாடல்கள் வந்து சேரவில்லை. பழைய போனைக் கடையில் கொடுத்துவிட்டேன். ஒரு மாலை முழுக்க மின்னஞ்சல், மடிக்கணினி எல்லாவற்றையும் துழாவினேன். கடைசியில் மனைவிதான், "நாம ரெண்டு பேரும் ஏஜென்டும் இருந்த குரூப்ல போட்டீங்களே" என்று தன் போனை எடுத்து மேலே தள்ளிக்கொண்டே போனாள். மே 22. ஜன்னல் கொக்கி, சமையலறை விளக்கு, மூன்றாவதாகக் கழிவறைச் சத்தம், கூடவே எட்டு விநாடி வீடியோ. அதற்குக் கீழே ஏஜென்ட் போட்ட கட்டைவிரல் குறி. கொக்கியும் விளக்கும் மட்டும் சரிசெய்யப்பட்டன. கழிவறையை நாங்களும் திரும்பக் கேட்காமல் விட்டுவிட்டோம். அது எங்கள் தப்பு. ஆனால் சொன்னோம், அதற்குச் சாட்சி இருக்கிறது.

அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியதும் ஏஜென்ட் மறுபடி மௌனம். அதற்குள் நான் சிறு தொகை வழக்குகளைத் தீர்க்கும் 'ஸ்மால் கிளெய்ம்ஸ்' நடுவர் மன்றத்தைப் பற்றிப் படித்துவிட்டேன். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தம் என்றால் அங்கே போகலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கறிஞர் கிடையாது, அவரவரே பேசலாம். 5,000 வெள்ளிக்குள் கேட்கும் தனியாளுக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். முத்திரைத் தீர்வை கட்டாத ஒப்பந்தம் சாட்சியாகச் செல்லாது என்பதால், அந்தச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையது இருந்தது.

வழக்குப் போடுவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் நேரே பேசிவிடலாம் என்றாள் மனைவி. ஒப்பந்தத்தில் அவர் எண் இருந்தது. எல்லாவற்றையும் ஏஜென்ட் வழியாகத்தான் பேச வேண்டும் என்று முதலில் சொல்லியிருந்ததால் நாங்கள் அவரைக் கூப்பிட்டதே இல்லை. எழுபது வயதைத் தாண்டிய சீனப் பெரியவர். ஞாயிற்றுக்கிழமை தானே பேருந்தில் வந்தார். நாங்கள் அங்கிள் என்றுதான் கூப்பிட்டோம். பச்சைத் தண்ணீர் வீடியோவை இரண்டு முறை பார்த்தார். ரப்பரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மே மாதச் செய்தியைக் காட்டியபோது அவர் முகம் மாறிவிட்டது. கொக்கி, விளக்கு இரண்டைப் பற்றித்தான் தன்னிடம் சொன்னார்கள், கழிவறை பற்றி ஒரு வார்த்தை வரவில்லை என்றார்.

நான் கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். இரண்டு மாதத்தில் ஓடியது 85. எங்கள் வழக்கமான பயன்பாடு 28. மிச்சம் 57 கன மீட்டர். கன மீட்டருக்கு 3.24 வீதம் ஏறக்குறைய 185 வெள்ளி, வரியோடு 200 வெள்ளி. பில்லைத் தூக்கிக் காட்டிச் சண்டை போடுவதைவிட இப்படி ஒரு தாளைக் கொடுப்பது எவ்வளவோ மேல். அவர் பேரம் பேசவில்லை. அடுத்த மாத வாடகையில் 200 கழித்துக்கொள் என்றார். அதை அங்கேயே வாட்ஸாப்பில் எழுதி அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டோம். வாய்வார்த்தையை நம்பி வாடகையைக் குறைத்துக் கட்டிவிடாதீர்கள், பின்னால் அதுவே வாடகை பாக்கி ஆகிவிடும். பிளம்பருக்குக் கொடுத்த 80 மட்டும் ஒப்பந்தத்தில் இருக்கிறபடி எங்கள் தலையில் என்று சொல்லிவிட்டார். வரும்போதே பழுதாக இருந்த பொருளுக்கு அந்த விதி பொருந்தாது என்பதுதான் என் கருத்து. ஆனாலும் வெயிலில் பேருந்து ஏறி வந்தவரிடம் அதற்கு மேல் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

இதோடு முடியவில்லை. செப்டம்பர் மறுபடி மதிப்பீடு மாதம். ஆகஸ்டு கணக்கை வைத்து மதிப்பிட்டால் என்ன ஆகும்? கசிவே இல்லாத மாதத்துக்கும் பெரிய பில் வரும், அக்டோபரில்தான் சரியாகும். போனில் பேசிய அந்த நல்ல மனிதர் இதையும் மனைவியிடம் சொல்லியிருந்தார். மீட்டர் எண்ணை நாமே அனுப்புவதற்குச் சில நாள்கள் ஒதுக்கியிருப்பார்கள், தேதி பில்லிலேயே இருக்கும். அதற்குள் செயலியில் எண்ணை அனுப்பிவிட்டால் மதிப்பீடு கிடையாது. தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, சரியான மீட்டர்தானா என்று குழாயைத் திறந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டு அனுப்பினேன்.

செப்டம்பர் பில் 13 கன மீட்டர் என்று வந்தது. மக்சிக்கிடம் காட்டினேன். சாயக் குப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது, வைத்துக்கொள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை விட்டுப் பார் என்று சொல்லிவிட்டார்.