"புயல் கூண்டு ஏத்திட்டாங்களா?"

போனில் அம்மா முதலில் கேட்டது இதைத்தான். கடலூர் ஓ.டி. என்கிற முதுநகர்க்காரர்களுக்குத் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு என்று தெரிந்தால்தான் புயலே புயல்.

நான் அப்போது நார்வேயின் வடகோடியில், க்வேனாங்ஸ்ஃபியெல் மலைச்சாலையின் அடிவாரத்தில், மூடிக் கிடந்த தடுப்புக் கம்பத்துக்கு முன்னால் காரில் உட்கார்ந்திருந்தேன். ஆல்டாவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த முதல் குளிர்காலம். திரொம்சோ போய் விமானம் பிடித்து, போகிக்கு வீட்டில் இருப்பதாகத் திட்டம். கார், யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவருடையது. எண்பதுகளில் மீன் பதனிடும் வேலைக்காக இந்த வடக்குக்கு வந்த ஈழத் தமிழர்களில் அவரும் ஒருவர்.

மலை என்றால் சுமார் 400 மீட்டர்தான், ஏற்காட்டில் கால்வாசி. ஆனால் 70-வது அட்சக்கோட்டருகே அந்த உயரத்தில் மரம் கிடையாது. கடலிலிருந்து வரும் காற்றை மறிக்க ஒன்றுமில்லை. பெய்கிற பனிகூடப் பரவாயில்லை. கிடக்கிற பனியைக் காற்று அரிசி மாவு மாதிரி அள்ளி வீசும் பாருங்கள், அதுதான் தொல்லை. போதாததற்குச் சூரியன் எழாத பருவம். மதியத்தில் கொஞ்சம் நீல வெளிச்சம், அவ்வளவுதான்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை 'தானே' புயல் கரையேறியபோது கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தோம். எனக்குத் தெரிந்த புயல் அதுதான். இங்கே புயலுக்குள்ளேயே வரிசை கட்டிப் போகிறார்கள். 'கொலொன்னெ' என்று பெயர். முன்னால் பனி தள்ளும் லாரி, பின்னால் கார்கள், கடைசியில் காவலுக்கு இன்னொரு வண்டி. டேங்கில் எண்ணெய் இருக்க வேண்டும், உடம்பில் கம்பளி இருக்க வேண்டும். நடுவில் நிற்க நேர்ந்தாலும் காரை விட்டு இறங்கக் கூடாது.

நாலு மணி நேரம் கழித்துக் கம்பம் தூக்கினார்கள். ஏறின கொஞ்ச நேரத்தில் சாலையும் இல்லை, வானமும் இல்லை. ஓரத்தில் நட்ட கம்புகளின் ஒளிப்பட்டை ஒவ்வொன்றாக மின்னி மறைந்தது. நான் சீட்டைப் பிடித்த பிடியை அண்ணை பார்த்துவிட்டார்.

"தம்பி, பனியைப் பாக்காதையும். முன்னால போற சிவப்பு லைற்றை மட்டும் பாரும்."

பார்த்தேன். சில விநாடிகள் அதுவும் காணாமல் போகும். அப்போது அண்ணையும் பேச மாட்டார்.

விமானம் போய்விட்டது. அடுத்த சீட்டு கிடைத்து ஊர் வந்து சேர்ந்தபோது மாட்டுப் பொங்கலும் முடிந்திருந்தது; நான் வந்த மறுநாள் ஆற்றுத் திருவிழா. அம்மா ஒரு கரும்பை ஈரச் சாக்கில் சுற்றிக் கிணற்றடியில் சாத்தி வைத்திருந்தார். கதையை முழுக்கக் கேட்ட அப்பாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: "அந்த லாரிக்காரனுக்கு முன்னாடி யார்ரா லைட் காட்டுனது?"