எனக்கு முன்னால் 13 பேர்

மார்ச் 3, திங்கள், காலை 5.40

பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே வந்தால், காபிக் கடையில் எனக்கு முன்னால் 13 பேர். 2006இல் திரவ வெடிபொருள் சதி ஒன்று முறியடிக்கப்பட்டதைத் தொடர்ந்து, கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி பல நாடுகளில் வந்துவிட்டதால், வீட்டுக் காபியைக் குடுவையில் கொண்டுவர வழியில்லாமல் எல்லோரும் இங்கேதான் வந்து நிற்கிறோம். விமானத்தின் வாயில் மூட 35 நிமிடம் இருந்தது. மூன்று பேர் நகரும் வரை கடிகாரத்தைப் பார்த்தேன்; ஆளுக்குச் சுமார் 50 விநாடி. அப்படியானால் 13 பேருக்குப் பதினோரு நிமிடம். அதன் பிறகு மனம் அமைதியாகிவிட்டது.

மார்ச் 6, வியாழன், இரவு

இன்று இரண்டு வரிசைகள். குட்டையானதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் எனக்கு முன்னால் நின்றவர் ஆறு பேருக்கு, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகச் சொல்லத் தொடங்கவே, பக்கத்து வரிசையில் எனக்குப் பின் வந்தவர்கள்கூட வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் மீது குற்றமில்லை. வரிசை அமைந்த விதம்தான் தவறு. எல்லோரும் ஒரே வரிசையில் நின்று, எந்தப் பணியாளர் ஓய்கிறாரோ அவரிடம் செல்வதாக இருந்தால், ஒருவரால் வரும் தாமதம் அனைவருக்கும் பகிரப்படும். முன்னால் வந்தவர் பின்தங்கவும் மாட்டார். டென்மார்க்கின் கணிதவியலாளர் ஏர்லாங் 1909இலேயே தொலைபேசி அழைப்புகளை வைத்துக் காத்திருப்பைக் கணிதமாக ஆராயத் தொடங்கிவிட்டார். கடைக்காரர்கள் ஒரு கயிற்றைக் கட்டினாலே போதும் என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கமாக இருக்கிறது.

மார்ச் 17, திங்கள், காலை 6.05

வேறு விமான நிலையம், ஒரே வரிசை. இயந்திரத்தின் அருகில் நிற்க நேர்ந்ததால் அந்தப் பெண்ணின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய தூளைத் தட்டிக் கொட்டி, புதிய தூளை அழுத்தி மாட்டினார். டிகாக்‌ஷன் இறங்கும் அரை நிமிடத்துக்குள் பாலை நுரைக்கவைத்து, நீராவிக் குழாயை ஈரத்துணியால் துடைத்தும் விட்டார். ஒவ்வொரு முறையும் துடைத்தார். அவரிடம் விரைவு குறையவில்லை. ஒரே ஆளை நிறுத்தியிருந்ததுதான் குறை.

எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒருவர் பால்புட்டியைக் கையில் வைத்திருந்தார். அவருக்கு வேண்டியது வெந்நீர் மட்டுமே. முன்னே போகச் சொன்னேன். எனக்கு முன்னால் நின்ற நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக விலகி வழிவிட்டார்கள். புட்டி நிரம்ப பத்து விநாடிகூட ஆகவில்லை.