ஷெட்யூலர் மீது பழி போடுவதற்கு முன்: ஒரு திட்டப்பணி அனுபவம்

முதுநிலைப் படிப்பின் இறுதித் திட்டப்பணிக்காக லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் 6.1, 6.6 ஆகிய இரு பதிப்புகளில், எந்தப் பணிக்கு எப்போது செயலியைத் தருவது என்று முடிவுசெய்யும் ஷெட்யூலரின் செயல்திறனை ஒப்பிட்டேன். 2007-இல் 2.6.23 பதிப்புடன் வந்த சி.எஃப்.எஸ். என்ற ஷெட்யூலர் முறையின் இடத்தை 6.6-இல் ஈ.ஈ.வி.டி.எஃப். என்ற முறை பிடித்திருந்ததால், எந்த வேறுபாடு தென்பட்டாலும் காரணம் அதுதான் என்று அளப்பதற்கு முன்பே தீர்மானித்திருந்தேன். புதிய கெர்னலில் ஹேக்பெஞ்ச் என்ற ஷெட்யூலர் சோதனை நிரல் மெதுவாக ஓடியதும் முடிவுரையைக்கூட எழுதிவிட்டேன்.

இரண்டும் ஒரே கான்ஃபிக் (கட்டமைப்புத் தெரிவுகள்) கோப்பிலிருந்து கம்பைல் செய்யப்பட்டவையா என்று வழிகாட்டி கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன். கெர்னலுக்குச் சீரான இடைவெளியில் வரும் கடிகாரத் துடிப்பான டைமர் டிக் ஒன்றில் நொடிக்கு 250, மற்றதில் 1000. செயலியின் வேகத்தைத் தீர்மானிக்கும் அதிர்வெண் கவர்னர் ஒன்றில் பெர்ஃபார்மன்ஸ், மற்றதில் ஷெட்யூட்டில். பின்னது ஷெட்யூலர் தரும் பயன்பாட்டுக் கணக்கை வைத்தே செயலியின் வேகத்தை ஏற்றி இறக்குவதால், அதன் தாமதம் ஷெட்யூலரின் தாமதம் போலவே தோற்றமளிக்கும். பழைய கான்ஃபிக்கை புதிய தெரிவுகளுக்கு இயல்புநிலை மதிப்பை இடும் ஓல்டுடெஃப்கான்ஃபிக் கட்டளை வழியாகப் புதியதற்குக் கொண்டுவந்து, கவர்னரையும் ஒன்றாக்கியபின் வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்துபோனது.

மிஞ்சியதுதான் உண்மையான கேள்வி. ஹேக்பெஞ்ச் தரும் மொத்த நேரம் எதையும் விளக்காது என்பதால், ஷெட்யூலர் நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் பெர்ஃப் ஷெட் கருவியின் டைம்ஹிஸ்ட் பட்டியலில் ஒவ்வொரு பணியும் எழுப்பப்பட்ட பிறகு செயலி கிடைக்கும்வரை எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதைப் பார்த்தேன். காத்திருப்பு கூடவில்லை, செயலி ஒரு பணியை விட்டு இன்னொன்றுக்கு மாறும் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் எண்ணிக்கை கூடியிருந்தது. அதாவது, ஓடிக்கொண்டிருக்கும் பணிகள் முன்னைவிட அடிக்கடி இடைமறிக்கப்பட்டன. ஒரு பணிக்கான அடிப்படை நேரத்துண்டான பேஸ் ஸ்லைஸ் மதிப்பை உயர்த்தியபோது அந்த எண்ணிக்கை இறங்கியது. பழைய குறிப்புகளில் உள்ள, எழுப்பப்பட்ட பணி ஓடும் பணியை எவ்வளவு எளிதில் இடைமறிக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்திய வேக்கப் கிரானுலாரிட்டி அமைப்பை 6.6-இல் தேட வேண்டாம், அது நீக்கப்பட்டுவிட்டது. மற்ற அமைப்புகளில் பலவும் 5.13-லேயே ப்ராக் அடைவிலிருந்து, பிழைதேடலுக்கான கோப்பு முறைமையான டீபக்எஃப்எஸ்ஸுக்கு இடம் மாறிவிட்டன. இது தெரியாமல் ஒரு மாலைப்பொழுதை இழந்தேன்.

காரணமான கமிட்டை, அதாவது மூலநிரலில் பதிவான குறிப்பிட்ட மாற்றத்தைக் கண்டறிய, ஒவ்வொரு படியிலும் நல்லதா கெட்டதா என்று குறிக்கச் செய்து தேடும் வரம்பைப் பாதியாக்கும் கிட் பைசெக்ட் போதும், ஆனால் முதலில் இடைப்பட்ட வெளியீடுகளை ஓட்டிப் பார்த்து எல்லையைக் குறுக்க வேண்டும். 16,000 கமிட்டுகள் இருந்தாலும் ஏறத்தாழ 14 படிகளில் முடிந்துவிடும். ஒரே கெர்னலின் அளவீடுகள் தமக்குள்ளேயே எவ்வளவு அலைபாய்கின்றன என்பதை, ஒவ்வொரு முறையும் மறுதொடக்கம் செய்து, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தேடும் வேறுபாடு அந்த அலைவுக்குள் அடங்கினால் ஒரு படியிலாவது தவறான குறி விழுந்து, தொடர்பே இல்லாத கமிட்டில் போய் நிற்பீர்கள். துவங்க மறுக்கும் கெர்னல் இடையில் வந்தால் ஸ்கிப் கொடுத்துக் கடந்து செல்லுங்கள். அதைக் கெட்டது என்று குறித்துவிடாதீர்கள்.