தலையிடியா, பாரிசவாதமா: ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்ட கேள்விகள்

தலைக்குள் என்ன நடந்தாலும் ஸ்கான் எடுத்தால் தெரிந்துவிடும் என்றுதான் எங்கள் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன வருடம் எனக்கு வந்தது ஒற்றைத் தலையிடியா, வந்து மறைந்துபோகும் சின்னப் பாரிசவாதமா என்று பிரித்தறிய டொக்டர்மார் மெசினை விட என் வாய்க்கதையைத்தான் அதிகம் நம்பினார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தலையிடி எனக்குப் புதிது இல்லை. இளவயதிலிருந்தே வெயில், விரதம், நித்திரைக் குறைவு என்ற மூன்றில் இரண்டு சேர்ந்தால் வந்துவிடும். ஒரு பக்க நெற்றி இடிக்கும், வெளிச்சம் பிடிக்காது, சத்தி வரும். இருட்டறையில் படுத்தெழும்பினால் பின்னேரத்துக்குள் விட்டுவிடும். ஆனால் அதுவரை கையோ கண்ணோ பேச்சோ குழம்பியதில்லை.

அன்று வெள்ளிக்கிழமை, நல்லூர்த் திருவிழாக் காலம். கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதுவது என் வேலை. விரதம் என்றபடியால் காலையில் வெறும் தேத்தண்ணியோடு வந்திருந்தேன். 11 மணி போல பேரேட்டில் ஒரு கூட்டுத்தொகையின் நடு இலக்கம் தெரியவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். இலக்கம் இருந்த இடத்தில் ஒரு மினுக்கம். அது மெல்ல விரிந்து, பனையோலைப் பெட்டியின் விளிம்பு போலக் கூர் கூராக வளைந்து, வலப்பக்கமாக நகர்ந்தது. அது மங்கத் தொடங்கியபோது வலது கை விரல் நுனிகள் ஊசி குத்துவது போல விறைத்தன. விறைப்பு மணிக்கட்டுக்கு ஏறி, முழங்கை வரை வந்தது. அப்புறம் கையை விட்டுவிட்டு வலது கடைவாயிலும் நாக்கின் பாதியிலும் தெரிந்தது. பக்கத்து மேசைத் தம்பியிடம் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் "தம்பி, கணக்கு கொண்டு வாரும்" என்று வருகிறது. பிழையாகச் சொல்கிறேன் என்பது எனக்கே விளங்குகிறது, ஆனால் சரியான சொல் அகப்படவில்லை.

அந்தத் தம்பி முதலுதவிப் பயிற்சி எடுத்தவர். முதலில் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைத் தன் உள்ளங்கையில் எழுதினார். பிறகு, "அக்கா, ஒருக்கா பல்லுத் தெரியச் சிரியுங்கோ. ரெண்டு கையையும் நீட்டிப் பிடிச்சு, கண்ணை மூடுங்கோ பாப்பம்" என்றார். வாய் கோணவில்லை, கை ஒன்றும் கீழே இறங்கவில்லை. பேச்சு மட்டும் தடுமாறியது. அவருக்கு அது போதும். உடனே 1990க்கு அடித்தார். கொழும்புப் பக்கத்தில் 2016 இல் தொடங்கி, 2018 இல் வடக்குக்கும் வந்த இலவச அம்புலன்ஸ் சேவை இது. ஓட்டோ பிடிப்பதை விட இதுதான் மேல்; போகிற வழியிலேயே பிரஷர் பார்த்து, ஒக்சிசன் பார்த்து, ஆஸ்பத்திரிக்குத் தகவலும் சொல்லிவிடுகிறார்கள்.

அதற்குள் அலுவலகத்து அன்ரி ஒருவர் கைப்பையிலிருந்து டிஸ்பிரினை, அதாவது அஸ்பிரின் குளிசையை, எடுத்துவிட்டார். பாரிசவாதத்துக்கு அதுதானே கொடுக்கிறது என்றார். தம்பி தடுத்துவிட்டார். மூளையில் இரத்தக் குழாய் அடைபட்டாலும் பாரிசவாதம்தான், வெடித்து இரத்தம் கசிந்தாலும் பாரிசவாதம்தான். கசிவாக இருந்தால் அஸ்பிரின் அதைக் கூட்டிவிடும். எது என்று ஸ்கான் பார்க்கும் வரை வீட்டில் யாரும் கொடுக்கக் கூடாது.

அம்புலன்சில் ஏறும்போது பேச்சு திரும்பிவிட்டது. பேச்சு திரும்ப, இடப்பக்கத் தலை இடிக்கத் தொடங்கியது.

பெரியாஸ்பத்திரியில் முதலில் விரலில் குத்திச் சீனி பார்த்தார்கள். விரதம் என்று சொன்னதும் அதற்குத்தான் அவசரம். இரத்தத்தில் சீனி இறங்கினாலும் பேச்சு குழறும், கை சோரும், பார்ப்பதற்குப் பாரிசவாதம் மாதிரியே இருக்கும். சீனி சரியாக இருந்தது. பிரஷர்தான் கூட. ஈசிஜி எடுத்தார்கள். பிறகு ஒரு இளம் டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து கேட்கத் தொடங்கினார்.

"அம்மா, இது ஒரேயடியா வந்ததோ, ஊர்ந்து வந்ததோ?"

ஊர்ந்து வந்தது என்றேன். எவ்வளவு நேரம் என்றார். 11 மணி போல தொடங்கியது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும், பேச்சு குழம்பிய நேரத்தைக் கூட வந்த தம்பி உள்ளங்கையைப் பார்த்துச் சொன்னார். கண்ணில் தொடங்கி நாக்கு வரை வர இருபது நிமிடத்துக்கு மேல். டொக்டர் அதைக் கீழே கோடிட்டு எழுதினார்.

"கண்ணில வெளிச்சம் தெரிஞ்சதோ, இருட்டினதோ? ஒரு கண்ணிலயோ, ரெண்டிலயுமோ?" வெளிச்சம்தான். எந்தக் கண்ணை மூடினாலும் அதே வலப்பக்கத்தில் இருந்தது. இந்தக் கேள்வியின் கனம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஒரு கண்ணுக்கு மட்டும் மேலேயிருந்து திரை இறங்கியது போல இருட்டிவிட்டுப் பிறகு தெளிந்தால், அது கழுத்துப் பக்கத்து இரத்தக் குழாயிலிருந்து போன இரத்தக் கட்டியாக இருக்கலாம். அப்படி வந்தால் தலையிடி இல்லாவிட்டாலும் ஓட வேண்டும்.

"பேனை கையிலிருந்து விழுந்ததோ, நீங்களா வைச்சனீங்களோ?" நான்தான் வைத்தேன். வைத்துவிட்டு மூடியையும் மூடினேன். அதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். கையில் உணர்ச்சிதான் மாறியது, பலம் போகவில்லை என்பதற்கு அதை விட நல்ல சாட்சி இல்லை.

அப்புறம், ஒன்று முடிந்து மற்றது வந்ததா, எல்லாம் ஒன்றாகவா? தலையிடி முன்னுக்கா, பின்னுக்கா? முன்பு எப்போதாவது மினுக்கம் தெரிந்திருக்கிறதா? என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என்ன வருத்தம்? கடைசியில் என் கணவரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கிறேனா என்று கேட்டார். நான் எடுப்பதில்லை. இந்த மாதிரி மினுக்கத்தோடு ஒற்றைத் தலையிடி வரும் பெண்களுக்கு, ஈஸ்திரஜன் சேர்ந்த குளிசை பாரிசவாத ஆபத்தைக் கூட்டும். அவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்பதுதான் விதி. எங்கள் பெண்கள் இதைக் கூச்சத்தில் மறைக்கிறார்கள். மறைக்கக் கூடாத இடம் இது.

சீற்றி ஸ்கானில் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டார் அப்பாடா என்றார்கள். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. கசிவு இல்லை என்று மட்டும்தான் அதில் நிச்சயமாகச் சொல்லலாம், வந்து மறைந்த அடைப்பு பெரும்பாலும் சீற்றியில் தெரியாது என்றார். வார்டில் வைத்துக்கொண்டார்கள்.

பக்கத்துக் கட்டிலில் தீவுப்பகுதியிலிருந்து வந்த ஒரு அம்மா. எழுபது வயதுக்கு மேல். அவவுடைய கதை என்னுடையதற்கு நேர்மாறு. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவ. கப் கையை விட்டு விழுந்தது. கையும் அப்படியே மடியில் விழுந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. மினுக்கம் இல்லை, ஊசி குத்தவில்லை, தலையிடி துளியும் இல்லை. எல்லாம் ஒரே நொடியில். கால் மணித்தியாலத்துக்குள் எல்லாம் சரியாகி, உடைந்த கப்பைத் தானே கூட்டி அள்ளியிருக்கிறா. "எனக்கு ஒண்டுமில்லை, பிள்ளையள்தான் இழுத்துக்கொண்டு வந்ததுகள்" என்று என்னிடம் குறைப்பட்டா. ஈசிஜியில் இதயம் ஒழுங்கில்லாமல் துடிப்பது பிடிபட்டது. அப்படித் துடிக்கும் இதயத்தில் இரத்தம் கட்டிபட்டு மூளைக்கு ஏறுமாம். வந்து போனதற்குப் பிறகு முதல் இரண்டு நாட்களில்தான் பெரிய பாரிசவாதம் வரும் ஆபத்து அதிகம் என்று சொல்லி, கட்டிபடாமல் இருக்க மருந்து தொடங்கினார்கள். பிள்ளைகள் இழுத்துக்கொண்டு வந்ததுதான் சரி. நோகாமல் வந்து, தானாகவே மாறிவிடுகிற வருத்தத்தை யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள்? எண்ணெய் பூசிப் படுக்கச் சொல்லத்தான் எங்களூரில் ஆட்கள் இருப்பார்கள்.

எனக்கும் அவவுக்கும் இருந்த வித்தியாசத்தை வார்டு சுற்ற வந்த பெரிய டொக்டர் மாணவர்களுக்கு விளக்கினார். காது கொடுத்துக் கேட்டேன். குழாய் அடைபட்டால் அது இரத்தம் கொடுக்கிற பகுதி முழுக்க ஒரே நேரத்தில் நிற்கும். அதனால் பார்வையோ பலமோ பேச்சோ சட்டென்று இல்லாமல் போகும். ஒற்றைத் தலையிடியில் மூளையின் மேற்பரப்பில் ஒரு அலை நகர்கிறது, நிமிடத்துக்கு 3 மில்லிமீற்றர் அளவில். அது போகிற பாதையில் முதலில் கிளர்ச்சி, பிறகு அமைதி. அதனால்தான் மினுக்கமும் ஊசிக் குத்தும் முதலில் வருகின்றன, இடம் விட்டு இடம் ஊர்கின்றன. வீட்டுக்கு வந்து இதைத் தேடி வாசித்தேன். 1941 இல் கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் தன் கண்ணில் தெரிந்த மினுக்கத்தை வரைந்து, நேரம் பார்த்து, இந்த வேகத்தைக் கணக்கிட்டிருக்கிறார். 1944 இல் பிரேசில்காரரான லியோ என்பவர் முயலின் மூளையில் அந்த அலையைக் கண்டுபிடித்தார். ஸ்கான் எதுவும் இல்லாத காலத்தில், லாஷ்லி பென்சிலும் மணிக்கூடும் வைத்துக்கொண்டு செய்த வேலை அது.

ஆனால் அதே டொக்டர், இதை வைத்து வீட்டில் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்றும் சொன்னார். பாரிசவாதத்தோடும் தலையிடி வரலாம். ஒற்றைத் தலையிடியின் மினுக்கம் தலையிடியே இல்லாமலும் வரலாம். ஐம்பதைத் தாண்டியவருக்கு முதன்முறையாக இப்படி வந்தால் அதைச் சும்மா தலையிடி என்று விடக் கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசி, தொடங்கி 4.5 மணித்தியாலத்துக்குள் போட வேண்டியது. யோசித்துக்கொண்டு படுத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

எம்ஆர்ஐ பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சத்தம். கழுத்துக் குழாய்களையும் ஸ்கான் பண்ணினார்கள், கொழுப்புக்கு இரத்தம் எடுத்தார்கள். மூளையில் அடைப்பின் தடயம் எதுவும் இல்லை, குழாய்களும் சுத்தம். அதற்குப் பிறகுதான் என் கார்டில் ஒற்றைத் தலையிடி என்று எழுதினார்கள். அதுவரை எனக்குப் பனடோலும் சத்திக்கு ஊசியும்தான். ஒற்றைத் தலையிடிக்கென்றே இருக்கிற டிரிப்டான் வகை மருந்து இரத்தக் குழாயைச் சுருக்கும். பாரிசவாதம் இல்லை என்று தெரியாமல் அதைத் தரமாட்டார்கள். தலையிடி தாங்காமல் நான் கேட்டதற்கு வார்டு நேர்ஸ் மிஸ் சொன்ன விளக்கம் இது.

வீட்டுக்கு விடும்போது பிரஷருக்கும் தலையிடி வராமல் தடுக்கவும் சேர்த்து ப்ரொப்ரனலோல் தந்தார்கள். தருவதற்கு முன் முட்டு (ஆஸ்துமா) இருக்கிறதா என்று இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். முட்டு இருப்பவர்களுக்கு அந்தக் குளிசை ஆகாது. பனடோலை மாதத்தில் பாதி நாள் போட்டால் அதுவே தலையிடியைக் கொண்டுவரும் என்றும் சொல்லி, போடுகிற நாளையெல்லாம் கொப்பியில் எழுதச் சொன்னார்கள்.

தை மாதம் திரும்பவும் மினுக்கம் வந்தது. அதே வலப்பக்கம், அதே ஊர்தல், அதன் பின் இடி. இந்தமுறை போனைப் பக்கத்தில் வைத்து நிமிடம் பார்த்து எழுதினேன். பழைய மாதிரியே வந்தால் வீட்டில் படுக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால், கையில் பலம் போனால், எல்லாம் ஒன்றாக வந்தால், அல்லது வாழ்க்கையில் காணாத இடி ஒரே வீச்சில் வந்தால் 1990. என் டயக்னோசிஸ் கார்டின் பிரதி இப்போது கைப்பையில் இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்குக் கதைக்க வராது, கூட நிற்பவர் காட்டட்டும்.

போன கிளினிக்கில் கொப்பியைக் கொடுத்தேன். டொக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, தலையிடி நாட்களில் முக்கால்வாசி வெள்ளிக்கிழமை என்று சிரித்தார். காலையில் சாப்பிட்டுவிட்டுச் சைவமாக இருந்தால் விரதம் ஆகாதா என்று கேட்டார். மாமியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.