கையெழுத்துக்குக் காத்திருந்த நூல்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்து 19 வருடம் ஆகிறது. முதல் 8 வருடம் லைன் சூப்பர்வைசர், அப்புறம் புரொடக்ஷன் மேனேஜர். மேனேஜரான வருடம்தான் தபால் வழியில் எம்.பி.ஏ. சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கோயம்புத்தூர் போவேன். பஸ் அவிநாசியைத் தாண்டுவதற்குள் ஒரு பாடம் முடிந்துவிடும். ஹென்றி ஃபயோலைப் படித்தது அந்தப் பஸ்ஸில்தான்.

ஃபயோல் பிரான்சு நாட்டுக்காரர். 1860-இல், 19 வயதில், ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். 1888-இல் அந்தக் கம்பெனி மூழ்கும் நிலையில் இருந்தபோது தலைமைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அதை நிமிர்த்திக் காட்டினார். திட்டமிடுதல், ஒழுங்கமைத்தல், ஆணையிடுதல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்துதல் என்று நிர்வாகத்தின் வேலையை ஐந்தாகப் பிரித்து 1916-இல் எழுதினார். பரீட்சையில் அதை மனப்பாடமாக எழுதி நல்ல மார்க் வாங்கினேன். காலையில் திட்டம், சாயங்காலம் கட்டுப்பாடு என்று அந்த ஐந்தும் வரிசையாக நடக்கும் என்றே நினைத்திருந்தேன்.

உள்ளே நிலைமை வேறு. எட்டரைக்கு ஷிப்ட் தொடங்கும்போதே இரண்டு டைலர் லீவு. துணி சுருங்காமல் இருக்க அழுத்தி எடுக்கும் காம்பேக்டிங்கில் இருந்து துணி வரவில்லை. ஓரம் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்றில் ஊசி உடைந்துவிட்டது. உடைந்த துண்டு அத்தனையும் கிடைத்து நோட்டில் ஒட்டினால்தான் புது ஊசி கொடுப்போம், குழந்தைகள் போடும் துணிக்குள் துண்டு போய்விடக்கூடாது. அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடமிருந்து போன் வரும். ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற நிர்வாக ஆராய்ச்சியாளர் ஐந்து நிறுவனத் தலைவர்களைக் கூடவே இருந்து கவனித்து 1973-இல் எழுதினார்: அவர்கள் செய்த வேலைகளில் பாதி, ஒன்பது நிமிடம்கூட நீடிக்கவில்லையாம். அதைப் படித்தபோதுதான், நாம் ஏதோ தப்பாக வேலை பார்க்கிறோம் என்ற உறுத்தல் எனக்குப் போனது.

ஃபயோல் எனக்கு உண்மையில் விளங்கியது ஒரு மாசி மாதத்தில். வெள்ளகோவில் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் பொங்கல். ஒருநாள் லீவு போட்டுக் குடும்பத்தோடு போயிருந்தேன். அங்கே டவர் சரியாகக் கிடைக்காது. திரும்பும் வழியில் போனைப் பார்த்தால் கம்பெனியில் இருந்து 17 மிஸ்டு கால்.

நேவி புளூ டீ-சர்ட் ஆர்டர், சனிக்கிழமை தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் ஏற்ற வேண்டியது. காலை 11 மணிக்கு, விளிம்பு மடித்துத் தைக்கும் பேட்லாக் மெஷின்களில் நூல் தீர்ந்திருக்கிறது. சூப்பர்வைசர் சீட்டு எழுதிக்கொண்டு ஸ்டோருக்குப் போயிருக்கிறார். சீட்டில் என் கையெழுத்து இல்லை. ஸ்டோர்க்காரர் நூல் கொடுக்க மறுத்துவிட்டார். முதலாளியும் வெளியூர். கண்ணுக்கெதிரே ரேக்கில் நூல் கோன் அடுக்கியிருக்க, ஆறு மெஷின் இரண்டரை மணிவரை நின்றது. அதற்குப் பின்னால் செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாமே நின்றன. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களுக்கு மூன்றரை மணி நேரக் கூலி போனது.

அடுத்த நாள் ஸ்டோர்க்காரரிடம் சத்தம் போட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் பேசி முடிக்கிறவரை நின்று கேட்டார்.

"நீங்கதானுங்க சார் சொன்னீங்க, உங்க கையெழுத்து இல்லாம ஒரு கோன்கூட வெளிய போகக்கூடாதுன்னு. போன வருசம் கணக்குல குறைஞ்சப்ப என் சம்பளத்துலதானுங்க புடிச்சாங்க. நாளைக்கும் நான்தானுங்க பதில் சொல்லோணும்."

எனக்குப் பதில் இல்லை. அவர் சொன்னது அத்தனையும் சரி.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சம்பவத்தை அப்புறம்தான் ஒரு கட்டுரையில் படித்தேன். ஃபயோல் வேலைக்குச் சேர்ந்த மறுவருடம், 1861-இல், சுரங்கத்துக்குள் வேலை செய்த குதிரை ஒன்றுக்குக் கால் முறிந்துவிட்டது. வேறு குதிரை கேட்டு அவர் சீட்டு எழுதி அனுப்பினார். கொடுக்க வேண்டியவர், மேனேஜர் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். மேனேஜர் ஊரில் இல்லை, அவர் இடத்தில் யாரையும் நியமிக்கவும் இல்லை. மேலே இருப்பவர் இல்லாத நேரத்தில் அவர் அதிகாரத்தோடு ஒருவர் இருந்தாக வேண்டும் என்று ஃபயோல் அன்றைக்கே குறித்துவைத்துக்கொண்டார். அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்ன 14 கொள்கைகளில் ஒன்று, பொறுப்பும் அதிகாரமும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது. சாயங்காலத்துக்குள் 1,200 பீஸ் வர வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் சொன்ன நான், ஒரு கோன் நூல் எடுக்கும் உரிமையை அவருக்குக் கொடுக்கவில்லை.

முதலாளியிடம் உள்ளதைச் சொல்லி, போன கூலியை அந்தச் சனிக்கிழமைச் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக் கொடுத்தேன். ஒருநாள் வேலைக்கு வேண்டிய நூல், ஊசி, லேபிள் எதுவானாலும் சூப்பர்வைசர் கையெழுத்துப் போதும், சீட்டு மட்டும் என் மேஜைக்கு வரட்டும் என்று மாற்றினோம். சம்பளத்தில் பிடிப்பது இல்லை என்று எழுதியும் வாங்கினேன். ஸ்டோர்க்காரருக்கு அதுதான் முக்கியமாக இருந்தது.

நூல் பிரச்சினை தீர்ந்தது. ஆட்களுக்கு நடுவே இருக்கும் பிரச்சினை அவ்வளவு லேசில் தீராது. எங்கள் செக்கிங்கில் ஓர் அக்கா இருக்கிறார். ஒருநாள் பீஸ் ஒன்றை எடுத்துவந்து, "டியூப்லைட்டுல ஒண்ணுந் தெரியாதுங்க சார், வாசப்பக்கம் கொண்டாந்து பாருங்க" என்றார். வெயிலில் விரித்ததும் தெரிந்தது. உடம்புத் துணியைவிடக் கைத் துணி லேசாக வெளுத்திருந்தது. வெவ்வேறு தடவை சாயம் போட்ட இரண்டு லாட் துணி கட்டிங்கில் கலந்துவிட்டது. பழைய வழக்கப்படி அவர் செக்கிங் சூப்பர்வைசரிடம் சொல்லி, அவர் என்னிடம் சொல்லி, நான் கட்டிங் மாஸ்டரிடம் போவதற்குள் இன்னொரு அடுக்கு வெட்டி முடித்திருப்பார்கள். ஒரே மட்டத்தில் இருக்கும் இருவர், மேலே இருப்பவர்களின் சம்மதத்தோடு நேராகவே பேசிக்கொள்ள ஒரு பாலம் வேண்டும் என்று ஃபயோல் எழுதியிருக்கிறார். எங்கள் செக்கிங் மேஜையில் இருந்து இருபது எட்டு வைத்தால் கட்டிங் மேஜை வந்துவிடும்.

அந்த இருபது எட்டைக் கடக்க நான்கு மாதம் ஆனது. "செக்கிங்ல இருக்கறவங்க வந்து எனக்குச் சொல்றதுங்களா?" என்று கட்டிங் மாஸ்டர் மனம் வருந்தினார். முப்பது வருடக் கைப்பழக்கம் அவருக்கு. உத்தரவாகச் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பார். அதனால் தினமும் பத்து நிமிடம் அவரையே வாசலுக்குக் கூட்டிப்போய், அந்த அக்கா எடுத்துவைத்த பீஸ்களைக் காட்டினேன். நான்காம் மாதம் ஒருநாள் அவராகவே வந்து, "இன்னிக்கு என்னம்மிணி புடிச்சிருக்கறே?" என்று அந்த அக்காவிடம் கேட்டார். ஒருங்கிணைத்தல் என்று ஒரே சொல்லில் படித்த வேலை இவ்வளவு நாள் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த மாசியிலும் குலதெய்வக் கோயிலுக்குப் போனேன். ஒரு போனும் வரவில்லை. மறுநாள் காலை மேஜையில், கம்பியில் குத்தி நான்கு சீட்டு இருந்தது. நான்கிலும் சூப்பர்வைசர் கையெழுத்து. ஒன்றில் மட்டும் 12 கோன் என்பதை அடித்து 8 என்று ஸ்டோர்க்காரர் திருத்தியிருந்தார். பக்கத்தில் பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தார்: "மெஷின்ல இன்னும் 4 இருக்குது. போய்ப் பாத்தேன்."