அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து சோதித்த மாத்திரை

என் மனைவி கர்ப்பமாக இருந்தபோது டாக்டர் முதலில் எழுதிக் கொடுத்தது ஃபோலிக் ஆசிட். சின்ன மஞ்சள் மாத்திரை, விலையும் சொற்பம். தினமும் ராத்திரி சாப்பிட்டதும் அதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதற்குப் பின்னால் அமெரிக்காவும் சீனாவும் இருக்கின்றன என்று பிற்பாடுதான் படித்தேன். அன்றிலிருந்து வரிச்சண்டை, சிப் தடை என்று செய்தி வரும்போதெல்லாம் இதுதான் ஞாபகம் வருகிறது.

1979 ஜனவரியில் சீனத் தலைவர் டெங் சியாவோபிங் வாஷிங்டன் போனபோது, அவரும் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரும் அறிவியல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த உறவு வளர்ந்துதான் பின்னாளில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசியும் பெய்ஜிங் மருத்துவப் பல்கலைக்கழகமும் கைகோத்தன. ஃபோலிக் ஆசிட் மாத்திரை பிறவித் தண்டுவடக் குறையைத் தடுக்குமா என்று பார்ப்பதுதான் நோக்கம். குழந்தையின் தண்டுவடம் கரு உண்டான முதல் நான்கு வாரத்திலேயே மூடிவிட வேண்டும். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரியாத நேரம் அது, அப்புறம் மாத்திரை கொடுத்து என்ன பயன்? அதனால் கல்யாணத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனைக்கு வந்த பெண்களிடமே போய், தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்து, மாதாமாதம் குப்பியில் எத்தனை மிச்சம் என்று குறித்து வைத்தார்கள். சீனாவின் ஹெபெய், ஜியாங்சு, ஜெஜியாங் மாகாணங்களில் 1993 முதல் 1995 வரை, கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் கர்ப்பங்கள்! வட பகுதியில் மாத்திரை எடுக்காதவர்களிடம் ஆயிரத்துக்கு 4.8 குழந்தைகளுக்குத் தண்டுவடக் குறை இருந்தது, எடுத்தவர்களிடம் 1. முடிவு 1999-ல் வெளியானது.

பிரச்சினை சீனாவில் அதிகம், ஆராய்ச்சி முறையில் அமெரிக்காவுக்கு அனுபவம் அதிகம். ஒரு நாடு மட்டும் செய்திருந்தால் இவ்வளவு உறுதியான பதில் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

இப்போது நிலைமை வேறு. சீனா சமமாக வந்து நிற்கிறது, பயமும் கூடிவிட்டது. நாசா சீனாவோடு நேரடியாகச் சேர்ந்து வேலை செய்ய 2011 முதலே சட்டத் தடை இருக்கிறது. 2024-ல் சீன விண்கலம் சாங்'இ-6 நிலவின் மறுபக்கத்திலிருந்து கொண்டுவந்த இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவான மண், மனிதன் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவந்த முதல் மண், அதை இரண்டு நாட்டு விஞ்ஞானிகளும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கக்கூட எளிதில் வழியில்லை என்றால் மனசு கேட்கவில்லை. தொழில்நுட்பத் திருட்டு, ராணுவப் பயன்பாடு என்று அமெரிக்கா சொல்லும் கவலை பொய் இல்லை, சரி. ஆனால் அதற்காக நோயையும் நிலவையும் ஏன் பூட்டி வைக்க வேண்டும்?

அந்த 1979 ஒப்பந்தத்தை 2023-லிருந்து ஆறு ஆறு மாதமாக இழுத்து, 2024 டிசம்பரில் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தார்கள், அடிப்படை ஆராய்ச்சிக்கு மட்டும் என்று சுருக்கி. அந்தளவுக்காவது விட்டுவைத்தார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது. 2029-ல் மறுபடி பேச வேண்டியிருக்கும்.